பஸ் கழக வக்கீல், கம்பெனி வக்கீல்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

பதினோரு வருடம் ஓர் அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்குப் பேனல் வக்கீலாக, அதாவது வழக்குக்கு இவ்வளவு என்று ஃபீஸ் வாங்கும் வெளி வக்கீலாக, இருந்தேன். அடுத்த எட்டு வருடம் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியின் சட்டப் பிரிவில் மாதச் சம்பளம். இப்போது மறுபடியும் கருப்பு கவுன். இதைத் தெரிந்துகொண்ட ஜூனியர்களும் சட்டக் கல்லூரிப் பிள்ளைகளும், சில சமயம் அவர்களுடைய அப்பாக்களும், ஒரே சந்தேகங்களைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அவர்கள் கேட்டபடியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே போட்டிருக்கிறேன்.

சார், பஸ் கழகத்துக்கு வக்கீல் எதுக்கு? டிக்கெட் கிழிக்கிறதுல என்ன கேஸ் வந்துடப் போகுது?

விபத்து நஷ்டஈட்டு வழக்குகள்தான் முதலிடம். அடுத்தது டிரைவர், கண்டக்டர் மீதான ஒழுங்கு நடவடிக்கை, ஓய்வூதியம், பதவி உயர்வு. இவை போக டயர், டீசல், கட்டட டெண்டர் தகராறு, பஸ் நிலையக் கடை வாடகை, பணிமனை நிலத்துக்கு உரிமை கொண்டாடும் சிவில் வழக்கு, தனியார் பஸ்காரர்களோடு பெர்மிட் சண்டை என்று எல்லாம் வரும்.

ஒரு சின்ன ஊரில் சிவில், கிரிமினல், தொழிலாளர் சட்டம், ரிட் (அரசை எதிர்த்து நேரே உயர் நீதிமன்றத்தில் போடும் மனு) நான்கையும் ஒரே கட்சிக்காரருக்காகப் பார்க்கும் வாய்ப்பு வேறு எங்கும் கிடைப்பது கஷ்டம். ‘சில்லறை கேஸ்’ என்று சீனியர்கள் சிலர் ஒதுக்குவார்கள். நான் அப்படி நினைக்கவில்லை.

அப்ப நீங்க அரசு வக்கீலா? ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லை. அரசு வக்கீல் அரசுக்காக ஆஜராவார். போக்குவரத்துக் கழகம் என்பது சட்டத்தின் கண்ணில் ஒரு கம்பெனி. 1972-இல் பல்லவன், சேரன், பாண்டியன் என்று தொடங்கியபோதே கம்பெனிச் சட்டத்தின் கீழ்தான் பதிவு செய்தார்கள். 1997-இல் தலைவர்கள், மன்னர்கள் பெயர்களையெல்லாம் எடுத்துவிட்டு, பெரும்பாலானவற்றுக்குத் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்று ஒரே பெயர் வைத்தார்கள். இன்று மாநகர் போக்குவரத்துக் கழகம், அரசு விரைவுப் போக்குவரத்துக் கழகம், அப்புறம் விழுப்புரம், சேலம், கோவை, கும்பகோணம், மதுரை, திருநெல்வேலி என எட்டு. எட்டின் பெயருக்குப் பின்னாலும் ‘லிமிடெட்’ உண்டு. இயக்குநர் குழு உண்டு, ஆண்டுக் கணக்கு உண்டு. பங்குகள் மட்டும் அரசு கையில்.

ஆனால் அரசியல் சாசனத்தின் 12-ஆவது பிரிவுப்படி இதுவும் ‘அரசு’தான். அதனால் கண்டக்டர் ஒருவர் நேரே உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாம். தனியார் கம்பெனி ஊழியருக்குப் பொதுவாக அந்த வழி இல்லை. கழகத்துக்குள் இருக்கும்போதே நீங்கள் பாதிக் கம்பெனி வக்கீல் என்பது பலருக்கு உறைப்பதில்லை. எனக்கே ஐந்தாறு வருடம் கழித்துத்தான் உறைத்தது.

பேனல் வக்கீல், சட்ட அலுவலர், ரெண்டுல எதுக்கு முயற்சி பண்றது?

பேனல் வக்கீல் ஊழியர் இல்லை. வழக்குக்கு இவ்வளவு என்று ஃபீஸ். வேறு கட்சிக்காரர்களையும் வைத்துக்கொள்ளலாம். ஆட்சி மாறினால் பேனலும் மாறும், அதைத் தெரிந்துகொண்டே சேர வேண்டும். ஃபீஸ் பில்லைப் போட்டுவிட்டு அடுத்த தீபாவளி வரை காத்திருக்கும் பொறுமையும் வேண்டும்.

சட்ட அலுவலர் என்றால் மாதச் சம்பளம். பார் கவுன்சில் விதி 49 இங்கேதான் குறுக்கே வரும். முழுநேரச் சம்பளத்தில் சேர்ந்தால் பார் கவுன்சிலுக்குத் தெரிவித்துவிட்டு, அந்த வேலையில் இருக்கும் வரை தொழில் செய்யாமல் இருக்க வேண்டும். ‘நான் அரசு நிறுவனத்தின் சட்ட அலுவலர்தானே, கோர்ட்டிலும் ஆஜராகிறேனே’ என்று சொல்லித் தப்ப முடியாது. இமாச்சலப் பிரதேச மின்வாரியச் சட்ட அலுவலர் ஒருவரின் வழக்கில் 2001-இல் உச்ச நீதிமன்றம் இதைக் கறாராகச் சொல்லிவிட்டது. இளம் வயதில் பேனல், குடும்பப் பொறுப்பு ஏறியபின் சம்பளம் என்பது நான் போன வழி. எல்லோருக்கும் அது பொருந்தும் என்று சொல்ல மாட்டேன்.

அரசு பஸ்ஸை அடிக்கடி ஜப்தி பண்றாங்களே, வக்கீல் சரியா வாதாடாததாலயா?

எல்லோரும் கேட்பது இது. தனியார் லாரி மோதினால் காப்பீட்டுக் கம்பெனி கட்டும். மோட்டார் வாகனச் சட்டம் 146-ஆவது பிரிவு, தனியாக நிதி ஒன்றை வைத்திருக்கும் அரசுப் போக்குவரத்து நிறுவனங்களுக்குக் காப்பீட்டிலிருந்து விலக்கு தர இடம் கொடுக்கிறது. நம் அரசு பஸ்களில் பெரும்பாலானவை அந்த விலக்கில் ஓடுபவை. அதனால் தீர்ப்பாயம் உத்தரவிடும் தொகையைக் கழகம்தான் தன் பையிலிருந்து எடுக்க வேண்டும். 30 நாளில் கட்ட வேண்டும் என்பது சட்டம். கட்டவில்லை என்றால் குடும்பத்தார் நிறைவேற்று மனு போடுவார்கள், நீதிமன்றம் உத்தரவு போடும், அமீனா பஸ் நிலையத்துக்கு வந்து நிற்பார். பயணிகள் பையைத் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். மறுநாள் பேப்பரில் படம்.

அன்றைக்குக் காலை பத்தரைக்குக் கிளை மேலாளரிடமிருந்து எனக்குப் போன் வரும். “சார், வண்டியைக் கோர்ட்டுக்குள்ள நிறுத்திட்டாங்க.” நான் ஓடிப்போய் ஒரு மெமோ கொடுத்து, பாதித் தொகைக்குத் தேதி சொல்லி வண்டியை மீட்பேன். ஒரு முறை தேதி சொல்லவே அனுமதி வரவில்லை. பதினோரு நாள் அந்த பஸ் கோர்ட் வளாகத்து வேப்பமரத்தடியில் நின்றது. கூரை முழுக்கச் சருகு.

வழக்கில் தோற்பது இதற்குக் காரணம் இல்லை. மோதியது பஸ்தான் என்று முதல் தகவல் அறிக்கையிலேயே இருக்கும்போது எந்த வக்கீலாலும் பூஜ்யத்துக்கு இறக்க முடியாது. கையில் காசு இல்லாதது ஒன்று. இன்னொன்று, கோப்பு சட்டப் பிரிவு, நிதிப் பிரிவு, மேலாண் இயக்குநர் என்று சுற்றும்போது ‘மேல்முறையீட்டுக்குத் தகுதி இல்லை, கட்டிவிடலாம்’ என்று எழுதக் கை வருவதில்லை. அப்படி எழுதினால் தணிக்கையில் ‘ஏன் மேல்முறையீடு செய்யவில்லை’ என்று கேள்வி வரும். தேவையில்லாத மேல்முறையீடு போட்டு வட்டி ஏறியது ஏன் என்று என்னிடம் ஒரு முறைகூட யாரும் கேட்டதில்லை.

அந்த நஷ்டஈட்டுத் தொகையை ஜட்ஜ் எப்படிச் சொல்றார்? குத்துமதிப்பா?

முன்பு கொஞ்சம் அப்படித்தான். சரளா வர்மா வழக்கு (2009), பிரணய் சேதி வழக்கு (2017) இரண்டும் வந்தபின் கணக்கு நேரானது. 38 வயதுத் தையல்காரர் ஒருவர் மாதம் 15,000 ரூபாய் சம்பாதித்தார், விபத்தில் இறந்துவிட்டார், மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய் இருக்கிறார்கள் என்று வையுங்கள். சுயதொழில், 40 வயதுக்குள், ஆகவே எதிர்கால வருமானத்துக்காக 40 சதவீதம் கூட்டினால் 21,000. சார்ந்திருப்போர் நான்கு பேர், எனவே அவருடைய சொந்தச் செலவு கால் பங்கு கழிந்து 15,750. வருடத்துக்கு 1,89,000. அந்த வயதுக்குப் பெருக்கு எண் 15. ஆக 28,35,000 ரூபாய். ஈமச் செலவு, துணையிழப்பு போன்ற தலைப்புகள் தனி.

வட்டி 7.5 சதவீதம் என்றால் இந்தத் தொகைக்கு ஒரு வருடத்துக்கு 2,12,625 ரூபாய். மேல்முறையீட்டில் இரண்டு வருடம் இழுத்துவிட்டு இரண்டு லட்சம் குறைத்தேன் என்று மார்தட்டும் வக்கீல், குறைந்த தொகைக்கே வட்டி போட்டாலும் கட்சிக்காரருக்கு ஏறக்குறைய இரண்டு லட்சம் நஷ்டம் வைத்திருக்கிறார். இந்தக் கணக்கை மனப்பாடமாகப் போடப் பழகுங்கள். கம்பெனி பற்றிய கேள்வியில் இது மறுபடி வரும்.

செத்தவங்க குடும்பத்துக்குக் காசு குடுக்காதேன்னு நின்னு வாதாடுறது உறுத்தாதா?

உறுத்தும். முதல் வருடம் ஓர் அம்மா என்னைக் கோர்ட் வராந்தாவில் நிறுத்தி, “ஏம்ப்பா, நீயும் பஸ்ஸுலதானே வர்றே?” என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

பிறகு இரண்டு பழக்கம் வைத்துக்கொண்டேன். பொய் வருமானச் சான்று, போலிக் காயச் சான்று வரும் வழக்குகளில் விடாமல் குறுக்கு விசாரணை. அப்படி வருபவை உண்டு, அது பொதுப் பணம். மற்றவற்றில் மேலே சொன்ன கணக்கைப் போட்டு, மக்கள் நீதிமன்றத்துக்கு அனுப்பலாம் என்று கோப்பில் எழுதிவிடுவேன். மக்கள் நீதிமன்றத்தில் முடிந்தால் மேல்முறையீடு இல்லை. குடும்பத்துக்கும் சீக்கிரம் கிடைக்கும், கழகத்துக்கும் வட்டி மிச்சம். எழுதியதில் பாதிதான் நடந்தது.

டிரைவர், கண்டக்டர் கேஸ் ஈஸின்னு சொல்றாங்களே?

ஈஸி என்று சொன்னவர் தோற்றுப் பார்க்காதவர். ஊதியப் பேச்சு மாதிரி ஏதாவது ஒரு தொழில் தகராறு நிலுவையில் இருக்கும்போது ஒருவரை வேலையை விட்டு நீக்கினால், ஒரு மாதச் சம்பளம் கொடுத்து, அதிகாரியிடம் ஒப்புதல் மனுவும் போட வேண்டும். தொழில் தகராறுச் சட்டத்தில் இது 33(2)(பி). 2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் வந்துவிட்டதால் பிரிவு எண் மாறியிருக்கிறது, சங்கதி அதேதான். போக்குவரத்துக் கழகங்களில் ஏதாவது ஒரு தகராறு எப்போதும் நிலுவையில் இருக்கும். ஒப்புதல் கிடைக்காவிட்டால் நீக்கமே செல்லாது என்று 2002-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது.

என் அனுபவத்தில், டிக்கெட் காசைக் கையாடியது நன்றாகவே நிரூபணமான ஒரு வழக்கு ஒரு மாதச் சம்பளக் கணக்கில் அகவிலைப்படி உயர்வைச் சேர்க்க மறந்ததால் கவிழ்ந்தது. சில நூறு ரூபாய்தான் குறைவு. அந்தக் கணக்குத் தாளில் ‘சரிபார்த்தேன்’ என்று கையெழுத்துப் போட்டவன் நான். இதே துறையில் படிக்க வேண்டிய தீர்ப்பு ஒன்று, 2004 டிசம்பரில் வந்த சோழன் ரோடுவேஸ் வழக்கு. துறை விசாரணையில் குற்றவியல் வழக்கு அளவுக்கு நிரூபணம் கேட்கக் கூடாது, விபத்து நடந்த விதமே டிரைவரின் கவனக்குறைவைச் சொல்லிவிடும் என்று உச்ச நீதிமன்றம் கழகத்தின் பக்கம் நின்றது.

கம்பெனியில என்ன வேலை சார்? கோர்ட் பக்கமே போக வேண்டாமாமே?

போகலாம், ஆனால் கடைசி பெஞ்சில் உட்காருவீர்கள். வாதாடுவது வெளி வக்கீல். உங்கள் வேலை அவருக்குத் தாள்களைக் கொடுப்பது, அவருடைய ஃபீஸைக் குறைப்பது, அவர் சொன்னதை மேலே புரியும்படி சொல்வது. மீதி நேரம் ஒப்பந்தம். ஒரு நாளைக்கு மூன்று நான்கு ஒப்பந்தம் மேசைக்கு வரும். எதிர்க் கம்பெனி அனுப்பிய 40 பக்கத்தில் ஆபத்து இரண்டு பக்கத்தில்தான் இருக்கும்: யார் யாருக்கு எவ்வளவு ஈடு செய்வது, தகராறு வந்தால் எந்த ஊரில் நடுவர் மன்றம். செக் பவுன்ஸ் வழக்கு, பணியிடப் பாலியல் புகார்க் குழு, தொழிற்சங்க உடன்பாடு எல்லாம் உண்டு.

எனக்கு முதல் ஆறு மாதம் கை ஒடிந்த மாதிரி இருந்தது. காலையில் எழுந்து ‘லார்ட்ஷிப்’ என்று சொல்லாமல் நாள் முடிவது ஒரு மாதிரி வெறுமை.

பஸ் கேஸ் பார்த்தவனைக் கம்பெனிக்காரன் மதிப்பானா? இன்டர்வியூல என்ன சொல்றது?

‘ஆயிரம் எம்.சி.ஓ.பி. பார்த்தேன்’ என்று சொல்லாதீர்கள். எதிரே இருக்கும் நிதித் தலைவருக்கு எம்.சி.ஓ.பி. என்றால் விபத்து நஷ்டஈட்டு மனு என்பதே தெரியாது. அவர் கேட்க நினைக்கும் கேள்வி ஒன்றுதான்: “இந்த வழக்கில் எங்களுக்கு எவ்வளவு போகும்?”

ஒவ்வொரு மார்ச் மாதமும் கம்பெனி தன் நிலுவை வழக்குகளை, பணம் போவது உறுதிபோல் இருப்பவை, போகலாம் என்பவை, போகவே வாய்ப்பில்லாதவை என்று பிரிக்க வேண்டும். முதல் வகைக்குக் கணக்கில் ஒதுக்கீடு வைக்க வேண்டும். இந்தியக் கணக்கியல் தரம் 37 அப்படிச் சொல்கிறது. பெரிய பெரிய வக்கீல்கள் இந்தக் கேள்விக்கு ‘நமக்கு நல்ல கேஸ்’ என்று மட்டும் எழுதி அனுப்புவார்கள். பஸ் கேஸ் பார்த்தவருக்கோ தையல்காரர் கணக்கு போல ஒரு தொகையைப் போட்டுச் சொல்லப் பதினைந்து நிமிடம் போதும். என்னை வேலைக்கு எடுத்ததே அதற்காகத்தான் என்று பின்னால் ஒருவர் சொன்னார். ‘கட்டிவிடலாம்’ என்று நான் எழுதிய இரண்டு குறிப்புகளைப் பெயர்களை மறைத்து எடுத்துப் போயிருந்தேன்.

இங்கிலீஷ்தான் தகராறு. தமிழ் மீடியம் சார் நான்.

நானும்தான். கீழ்க் கோர்ட்டில் தமிழ் போதும், உயர் நீதிமன்றத்திலும் கம்பெனியிலும் ஆங்கிலம் தேவை. பேசுவதைவிட எழுதுவதுதான் முக்கியம். தினமும் ஒரு தீர்ப்பை எடுத்து, அதன் சாரத்தை ஆறு வரியில் எழுதிப் பாருங்கள். ஒரு வருடத்தில் சரியாகிவிடும்.

சி.எஸ். முடிச்சாதான் கம்பெனிக்குள்ள விடுவாங்களா?

இல்லை. கம்பெனி செயலாளர் வேலை வேறு, சட்டப் பிரிவு வேறு. சின்னக் கம்பெனிகளில் இரண்டையும் ஒருவர் தலையில் கட்டுவார்கள், அங்கே சி.எஸ். இருந்தால் மதிப்பு. பங்குச் சந்தையில் இருக்கும் கம்பெனிகளும், செலுத்திய மூலதனம் 10 கோடி ரூபாயோ அதற்கு மேலோ உள்ளவையும் முழுநேரச் செயலாளர் வைத்தாக வேண்டும் என்பதால் அந்தப் படிப்புக்குத் தனியாகவே வேலை உண்டு. வக்கீல் தொழிலில் பத்து வருடம் ஓட்டியவர் அதற்காக மறுபடி பரீட்சை எழுத வேண்டியதில்லை என்பது என் கட்சி.

தம்பி, நம்ம பொண்ணு சட்டம் முடிச்சிருக்கு. நேரா கம்பெனியில சேத்து விடலாமா? கோர்ட் சூழ்நிலை அதுக்குச் சரிப்படுமா?

ஐயா, கோர்ட்டில் இப்போது பெண் வக்கீல்கள் நிறைய இருக்கிறார்கள். சூழ்நிலை பற்றிய பயம் உங்களுடையது, பெண்ணுடையதா என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். நேராகக் கம்பெனியில் சேர்ந்தால் முதல் மாதமே சம்பளம், அது உண்மை. ஆனால் ஒரு சாட்சி கூண்டில் எப்படித் தடுமாறுவார் என்று பார்க்காமல் எழுதும் ஒப்பந்தத்தில் ஓட்டை இருக்கும். மூன்று வருடமாவது கோர்ட் தூசு படட்டும்.

கம்பெனியை விட்டு வந்தா மறுபடி கவுன் போடலாமா? ஜட்ஜ் பரீட்சை எழுத முடியுமா?

கவுன் போடலாம். பேனலா சம்பளமா என்ற கேள்வியில் சொன்ன விதிப்படி நிறுத்திவைத்த சன்னதை (வக்கீல் பதிவை), வேலையை விட்டபின் விண்ணப்பித்துப் புதுப்பித்துக்கொள்ளலாம். நான் அப்படித்தான் வந்தேன். கட்சிக்காரர்கள்தான் புதுப்பித்துக்கொண்டு வருவதில்லை. எட்டு வருடத்தில் எல்லோரும் வேறு வக்கீலைப் பிடித்துவிட்டார்கள்.

மாவட்ட நீதிபதி நேரடித் தேர்வில்தான் சிக்கல். அரசியல் சாசனத்தின் 233-ஆவது பிரிவு ஏழு வருட வக்கீல் தொழில் கேட்கிறது. விண்ணப்பிக்கும் நாளிலும் தொழிலில் இருக்க வேண்டும் என்று 2013-இல் தீபக் அகர்வால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கம்பெனிச் சம்பளத்தில் இருந்த வருடங்கள் வக்கீல் தொழில் ஆகாது. அந்த ஆசை உள்ளவர் பேனலோடு நிற்பது நல்லது.

வக்கீல்கிட்ட சொன்னது ரகசியம்னு சட்டம் இருக்கே. கம்பெனி வக்கீலுக்கும் அது உண்டுதானே?

கிடையாது. கம்பெனி மேலதிகாரிகளுக்கே இது தெரியாது என்பதால் அழுத்திச் சொல்கிறேன். வக்கீலுக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலான பேச்சுக்கு பாரதிய சாக்ஷ்ய அதிநியம் (புதிய சாட்சியச் சட்டம்) 132-ஆவது பிரிவு தரும் பாதுகாப்பு, சம்பளத்தில் இருக்கும் கம்பெனி வக்கீலுக்கு இல்லை என்று 2025 அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காரணம் விதி 49-இன் அதே தர்க்கம்தான்: சம்பளத்துக்குச் சேர்ந்தவர் கோர்ட்டில் தொழில் செய்யும் வக்கீல் இல்லை. விவகாரம் பெரிதாக இருந்தால் தொடக்கத்திலேயே வெளி வக்கீலை உள்ளே கொண்டுவாருங்கள். ‘ரகசியம்’ என்று மேலே தடித்த எழுத்தில் போட்டு மின்னஞ்சல் அனுப்புவதால் ஒன்றும் ஆகாது.

கழகத்துக்கு வாதாடினவர் கம்பெனியில சேர்ந்து, அதே கழகத்தோட ஒப்பந்தம் பேசலாமா?

இனி இது அடிக்கடி வரும். சென்னையில் 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சார பஸ்கள் கிளம்பின. பஸ் தனியார் கம்பெனியுடையது, டிரைவரும் அவர்கள் ஆள், கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கழகம் பணம் தரும், கண்டக்டர் கழக ஆள். இப்படி ஒரு வண்டி மோதினால் யார் நஷ்டஈடு கட்டுவது? ஒப்பந்தத்தில் யார் யாருக்கு ஈடு செய்வது என்று சொல்லும் ஈட்டுறுதிப் பிரிவைப் பார்க்காமல் சொல்ல முடியாது. பஸ் வக்கீலும் கம்பெனி வக்கீலும் ஒரே மேசைக்கு வந்துவிட்டார்கள். மெட்ரோ ரயிலில் இது எப்போதோ தொடங்கிவிட்டது. 118.9 கிலோமீட்டர் இரண்டாம் கட்டத்துக்கு 63,246 கோடி ரூபாய் என்றால், எத்தனை ஒப்பந்தம், எத்தனை நடுவர் மன்றம் என்று நீங்களே யோசியுங்கள்.

பேசலாமா என்றால்: நீங்கள் கழகத்துக்காகப் பார்த்த அதே விவகாரத்தில் எதிர்ப்பக்கம் கூடவே கூடாது. வேறு விவகாரம் என்றால் சட்டம் தடுக்காமல் இருக்கலாம். ஆனால் கழகம் எந்தத் தொகைக்கு இறங்கி வரும், எந்த அதிகாரி கையெழுத்துக்கு அஞ்சுவார் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அதைத் தெரிந்துகொண்டு மேசைக்கு எதிரே உட்காருவது எனக்கு ஒப்பவில்லை. ஒரு முறை அப்படி ஒரு கூட்டம் வந்தபோது எழுத்து மூலம் விலகிக்கொண்டேன். மேலதிகாரிக்கு என் மேல் கோபம்தான். அந்த வருடச் சம்பள உயர்வில் அது தெரிந்தது.

இப்படி ரெண்டு பக்கமும் இருந்த பெரிய ஆள் யாராவது உண்டா?

நம் பக்கத்தில் மோகன் குமாரமங்கலம். பாரிஸ்டர், 1966-67-இல் மெட்ராஸ் மாநில அட்வகேட் ஜெனரல், பிறகு இந்தியன் ஏர்லைன்ஸ் தலைவர், பிறகு மத்திய அமைச்சர். 1973 மே 31 அன்று டெல்லியில் இறங்கவிருந்த இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் விழுந்ததில் இறந்தார். தான் ஒரு காலத்தில் தலைமை வகித்த நிறுவனத்தின் விமானம்.

அமெரிக்காவில் வில்லியம் கோல்மன். கறுப்பினத்தவர் என்பதால் பள்ளியில் ஆசிரியர் ஒருவர் ‘நீ நல்ல கார் டிரைவராக வருவாய்’ என்றாராம், இவர் பதிலுக்குத் திட்டி இடைநீக்கம் ஆனார். ஹார்வர்டில் சட்டம் படித்து, பள்ளிகளில் இனப் பிரிவினையை ஒழித்த பிரவுன் வழக்கின் வாதுரைக்குக் கைகொடுத்து, பான் ஆம் விமானக் கம்பெனி போன்றவற்றின் இயக்குநர் குழுவில் உட்கார்ந்து, 1975-இல் அந்த நாட்டின் போக்குவரத்து அமைச்சரே ஆகிவிட்டார். ஒலியைவிட வேகமாகப் பறக்கும் கான்கார்ட் விமானத்தை நாட்டுக்குள் விடலாமா கூடாதா என்று நாடே கத்திக்கொண்டிருந்தபோது, 1976-இல் 16 மாதச் சோதனைக்கு மட்டும் அனுமதி என்று உத்தரவு எழுதினார். பக்கா வக்கீல் உத்தரவு. 1977-இல் வெளியே வந்து மறுபடி வக்கீல் நிறுவனம், மறுபடி கம்பெனிகள். 96 வயது வரை இருந்தார்.

சார், உங்ககிட்ட ஜூனியரா சேரலாமா?

ஓர் இடம் இருக்கிறது. சனிக்கிழமை மதியம் வாருங்கள், கால்குலேட்டர் எடுத்து வர வேண்டும். தையல்காரருக்குத் தாய் இல்லை, சார்ந்தவர்கள் மூன்று பேர்தான் என்றால் சொந்தச் செலவு மூன்றில் ஒரு பங்கு கழியும். தொகை எவ்வளவு என்று வந்து சொல்லுங்கள்.